அட்டையில் இத்தனை சத்தம் எதற்கு? – தமிழ் காமிக்ஸ் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் காமிக்ஸ் வெளியிடும் பதிப்பாளர்களுக்கும், கண்விழித்து அட்டையைக் கட்டி அச்சுக்கு அனுப்பும் வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

கேட்கப்போவது சின்ன விஷயம்தான். இனி வரும் இதழ்களின் முன்னட்டையில் கதையின் பெயரும் உங்கள் சின்னமும் இருந்தால் போதும். மற்ற எழுத்துகளையெல்லாம் எடுத்துவிடுங்கள். ‘அனல் பறக்கும் அதிரடி’ வேண்டாம். ‘முழு வண்ணத்தில்’ வேண்டாம், வண்ணம் கண்ணுக்கே தெரிகிறது. நாயகன் வாயிலிருந்து கிளம்பும் வசன பலூன் வேண்டாம். பக்க எண்ணிக்கை, ‘கலெக்டர்ஸ் எடிஷன்’ முத்திரை, நட்சத்திரம் வெடித்தாற்போல் இருக்கும் அந்த மஞ்சள் கட்டம், எதுவும் வேண்டாம். சொல்ல வேண்டியதை ஓவியர் சொல்லிவிட்டார். குறுக்கே பேசிக்கொண்டிருப்பது நாம்தான்.

எந்தப் பதிப்பகம், எந்த இதழ் என்று சொல்லிச் சண்டை வளர்க்கும் எண்ணம் எனக்கில்லை. பெயர் இல்லாமல் ஓர் அட்டையை மட்டும் இங்கே எடுத்து வைக்கிறேன். வெஸ்டர்ன் கதை. மூல ஓவியத்தில் பாதிக்கு மேல் வெறும் அந்தி வானம். கீழே மலை விளிம்பில் ஒருவன் குதிரையைச் சட்டென்று இழுத்து நிறுத்தியிருக்கிறான். அவன் நம்மைப் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே, வலப்பக்கம் எதையோ பார்க்கிறான். துப்பாக்கியை இன்னும் உருவவில்லை, கை மட்டும் இடுப்புக்குப் போயிருக்கிறது. குதிரையின் காதுகள் பின்னால் மடிந்திருக்கின்றன. மனிதன் பார்ப்பதற்கு முன்பே குதிரைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அந்தக் காதுகளில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது.

நம் பதிப்பில் அந்த வானம் முழுக்க இரண்டு வரியில் தலைப்பு, மஞ்சளில். அதைச் சுற்றிச் சிவப்புக் கோடு, அதற்கும் வெளியே வெள்ளைக் கோடு, பின்னால் கறுப்பு நிழல். இடப்பக்கம் ‘மெகா ஸ்பெஷல்’. அவன் பார்த்துக்கொண்டிருந்த வலப்பக்கத்தில் இப்போது ஒரு வட்டம், அதில் ‘இது மறுபதிப்பு அல்ல!’ ஆக, அவன் துப்பாக்கியைத் தேடுவது அந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் என்று ஆகிவிட்டது. கீழே ‘மரணத்தின் மடியில் ஒரு மாவீரன்!’ என்று ஒரு வரி. குதிரையின் காதுகள் இருந்த இடத்தில் விலை.

வானத்தை ஓவியர் விட்டுவைத்ததே தலைப்புக்காகத்தானே என்று வடிவமைப்பாளர் கேட்கலாம். நியாயம். ஆனால் அவர் இடம் விட்டது ஒரு தலைப்புக்கு. நான்கு பலகைக்கு அல்ல.

இந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் யாரையும் குறை சொல்லத் தோன்றாது. அதற்கு ஒரு காலத்தில் சரியான காரணம் இருந்தது. அமெரிக்காவில் காமிக்ஸ் விற்றது பத்திரிகைக் கடை ரேக்குகளில். ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து அடுக்கியிருப்பார்கள்; மேல் விளிம்பும் இடது ஓரமும்தான் வெளியே தெரியும். 1963இல் மார்வெல் இதழ்களின் இடது மேல் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. உள்ளே நாயகனின் உருவம், விலை, இதழ் எண். அந்த யோசனையைச் சொன்னவர் ஸ்பைடர்மேனை வரைந்த ஸ்டீவ் டிட்கோ. அது அலங்காரத்துக்கு வந்த பெட்டி அல்ல. ரேக்கில் எந்த இரண்டு அங்குலம் கண்ணில் படும் என்று கணக்குப் பார்த்து வைத்தது.

நம் ஊரிலும் அதே கதைதான். பேருந்து நிலையக் கடையில் கயிறு கட்டி, கிளிப் மாட்டி, வாரப் பத்திரிகைகளுக்கும் மாத நாவல்களுக்கும் நடுவில் காமிக்ஸ் தொங்கும். வண்டி கிளம்ப ஐந்து நிமிடம்தான் இருக்கும். சட்டைப் பையில் சில்லறையோடு நிற்கும் பையனை அந்த ஐந்து நிமிடத்துக்குள் கூப்பிட்டாக வேண்டும். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கிளம்பியபோதும் சரி, 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தபோதும் சரி, கடைவாசல்தான் களம். அங்கே கத்தாமல் விற்க முடியாது.

இப்போது அந்தக் கயிறு எங்கே? தமிழ் காமிக்ஸ் பெரும்பாலும் சந்தாவில் போகிறது; கூரியரில் பெட்டியாக வந்து இறங்குகிறது; மீதி ஆன்லைனிலும் புத்தகக் கண்காட்சி ஸ்டால்களிலும் விற்கிறது. நான் பணம் கட்டும்போது அட்டையையே பார்த்திருக்க மாட்டேன். கதை என்ன, நாயகன் யார், எத்தனை பக்கம் என்பதெல்லாம் அறிவிப்பிலேயே வந்துவிடும். விற்று முடிந்த புத்தகத்தின் மேல் ‘வாங்கத் தவறாதீர்கள்’ என்று எழுதியிருப்பதில் என்ன பயன்? ஆன்லைனில் பார்த்து வாங்குகிறவருக்கோ செல்போன் திரையில் அட்டை கட்டைவிரல் நக அளவில்தான் வருகிறது. அந்த அளவில் தலைப்பைப் படிக்கலாம், படத்தின் வடிவம் தெரியும். மற்ற வாசகங்களெல்லாம் எறும்பு ஊர்ந்தாற்போல்தான் இருக்கும்.

அமெரிக்காவிலும் விற்பனை வழி மாறிய பிறகு அட்டைகள் மெல்ல அடங்கின. 1973 வாக்கில் ஃபில் சூலிங் என்பவர் பதிப்பகங்களிடம் நேரடியாக வாங்கிக் காமிக்ஸ் கடைகளுக்கு அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கினார். திருப்பி அனுப்ப முடியாத சரக்கு, ஆனால் விவரம் தெரிந்து வாங்க வரும் வாசகர். அவரைக் கையைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. 1986இல் ‘வாட்ச்மென்’ என்ற சூப்பர்ஹீரோ தொடர் வந்தபோது அதன் அட்டைகளில் நாயகர்கள் கூட்டமாகப் பாயவில்லை. முதல் இதழில் ஒரு மஞ்சள் சிரிப்பு முகப் பேட்ஜ், அதன் மேல் ஒரு கீற்று ரத்தம், அவ்வளவுதான். தலைப்பைக்கூட இடது ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டையில் செங்குத்தாக ஒதுக்கிவிட்டார்கள். 12 இதழ்களிலும் அட்டைதான் கதையின் முதல் கட்டம். அதன் ஓவியர் டேவ் கிப்பன்ஸ் மிக நெருக்கத்தில் வரைந்த ஏதோ ஒரு பொருள். அட்டையைத் திருப்புகிறபோதே கதைக்குள் வந்துவிட்டிருப்போம். அதன் மேல் ஒரு விளம்பர வரியை ஒட்டியிருந்தால் கதையின் முதல் கட்டத்தையே கிழித்ததாக ஆகியிருக்கும்.

அதற்கும் வெகு முன்னால், 1938 ஜூன் தேதியிட்ட ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைக் காரைத் தலைக்கு மேல் தூக்கி ஒருவன் அதைப் பாறையில் மோதி நொறுக்குகிறான். முன்னால் ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு நம்மை நோக்கி ஓடி வருகிறான். அன்றைக்கு சூப்பர்மேன் என்ற பெயரையே யாரும் கேள்விப்பட்டதில்லை. அட்டையிலும் அந்தப் பெயர் இல்லை. தூக்குகிறவன் நல்லவனா கெட்டவனா என்றுகூடத் தெரியாது. அறிமுகம் இல்லாத நாயகனுக்குத்தான் வாசகம் வேண்டும் என்பார்கள். உலகிலேயே பெரிய அறிமுகம் வாசகம் இல்லாமல்தான் நடந்தது.

இனி நம் வீட்டு உதாரணம். முத்து காமிக்ஸின் முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மூலத்தில் அவர் பெயர் லூயிஸ் கிராண்டல். 1962இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கிய கதை, வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசுஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் வெளியே தெரியும். யோசித்துப் பாருங்கள், அட்டைக்காகவே கண்டுபிடித்த கற்பனை போல இருக்கிறது. காற்றில் தனியாக ஒரு கை. கைக்குப் பின்னால் யாருமில்லை. ஒரு குண்டூசி எழுத்து வேண்டாம். அதன் பக்கத்தில் ‘மறைந்திருந்து தாக்கும் மர்ம மனிதன்!’ என்று எழுதினால், மறைந்திருந்தவனை நாமே காட்டிக்கொடுத்தது போல்தான்.

ஐரோப்பியர்கள் இதில் நம்மைவிடக் கட்டுப்பாடு உள்ளவர்கள். இத்தாலிய வெஸ்டர்ன் நாயகன் டெக்ஸ் வில்லரை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1948இல் அவர் பிறந்தது முதல் வரைந்தவர் அவுரேலியோ கல்லெப்பினி, கலெப் என்ற பெயரில். இத்தாலியில் மாத இதழின் அட்டைகளை 400ஆம் இதழ் வரை அவரே வரைந்தார். 1994இல் வந்த அந்த 400ஆவது அட்டையில் டெக்ஸ் குதிரை மேலிருந்தபடி நம்மைப் பார்த்து விடைபெறுகிறார். அதே ஆண்டு கலெப் இறந்துபோனார்; 401ஆவது அட்டையிலிருந்து கிளாடியோ வில்லா. விடைபெறுவது டெக்ஸா, வரைந்த கையா என்பதை அந்த உயர்ந்த கையே சொல்லிவிடுகிறது. நம்மில் யாராவது அந்த அட்டையைக் கட்டியிருந்தால் ‘ஓவியச் சக்கரவர்த்தியின் கடைசிப் படைப்பு!’ என்று மூலையில் ஒரு முத்திரை குத்தியிருப்போம். அடக்கிக்கொள்வது நமக்குக் கஷ்டம்.

ஆனால் ஐரோப்பாவிலும் எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. 1960இல் வந்த ‘திபெத்தில் டின்டின்’ அட்டையைப் பாருங்கள். பனியில் பதிந்த பெரிய காலடித் தடங்களைப் பார்த்து டின்டினும் கேப்டன் ஹேடக்கும் வழிகாட்டியும் திகைத்து நிற்கிறார்கள். டின்டினைப் படைத்த ஹெர்ஜே முதலில் நினைத்தது பின்னணியே இல்லாத முழு வெள்ளை. பதிப்பகத்துக்கு மனம் ஒப்பவில்லை. அது ரொம்பவும் வெறிச்சென்று இருப்பதாகப் பட்டது. அதனால் மேலே ஒரு மலைத்தொடரைச் சேர்த்தார். அவ்வளவு பெரிய ஓவியர், அவ்வளவு விற்பனையாகும் தொடர், அப்போதும் வெற்றிடத்தைக் கண்டு பதிப்பாளர் பயந்திருக்கிறார். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது என்று சொல்வதற்காகத்தான் இதைச் சொன்னேன். ஆனால் அவர்கள் சேர்த்தது ஒரு மலையை. எழுத்தை அல்ல.

எழுத்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘ஃபிளாஷ்’ 163ஆம் இதழ், 1966. கார்மைன் இன்ஃபான்டினோ வரைந்தது. நாயகன் உள்ளங்கையை நம் முகத்துக்கு நேரே நீட்டி, நில், இந்த இதழை விட்டுவிட்டுப் போகாதே, என் உயிரே இதில்தான் இருக்கிறது என்கிறான். அந்த வசனத்தை எடுத்துவிட்டால் போக்குவரத்து போலீஸ்காரர்தான் மிஞ்சுவார். 1973இல் வந்த ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 121ஆவது அட்டையும் அப்படித்தான். ஜான் ரொமிட்டா ஸ்பைடர்மேனைச் சுற்றி அவனுக்கு வேண்டியவர்களின் முகங்களை வரைந்திருப்பார். தனக்கு நெருங்கிய ஒருவர் சாகப்போகிறார், யார் அது என்று அவன் கேட்கிறான். படத்தில் இல்லாத ஒன்றை வசனம் கொண்டுவருகிறது. முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து நாமும் கணக்குப் போட ஆரம்பிக்கிறோம். இந்த மாதிரி வசனத்துக்கு நான் வழிவிடுவேன். படத்தில் தெரிவதையே திரும்பச் சொல்லும் வரிக்குத்தான் வழி கிடையாது. நாயகன் பாறையிலிருந்து விழுகிறான் என்றால் பக்கத்திலேயே ‘பாதாளத்தை நோக்கி!’ என்று போடுவது யாருக்காக?

1961இல் வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ முதல் இதழ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தெருவைப் பிளந்துகொண்டு ஒரு ராட்சதப் பிராணி. சுற்றிலும் நான்கு பேர். நால்வரும் பேசுகிறார்கள். மாயமாகும் பெண், என்னால் வேகமாக மறைய முடியவில்லையே என்கிறாள். கயிறெல்லாம் என்னை என்ன செய்யும் என்கிறார் ரப்பர் உடம்புக்காரர். போதாக்குறைக்குக் கீழே பெட்டி போட்டு நால்வரின் பெயர்களும் வேறு. ஜாக் கிர்பி வரைந்த அந்தப் பிராணி பாவம், கவனிப்பாரில்லை. ஆனாலும் அன்றைய நிலையில் அதற்குத் தேவை இருந்தது. நான்கு புது முகங்கள், நான்கு புதுச் சக்திகள், 10 சென்ட் கையில் வைத்திருக்கும் ஒரு சிறுவன். அந்தச் சிறுவனுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். நம் சந்தாதாரர்களிலும் பாதிப் பேர் தலை நரைத்தவர்கள்தான். எங்களுக்கு யாரும் யாரையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் கேட்டதைக் கொடுத்துவிட்டு நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். 2000க்குப் பிறகு அமெரிக்க அட்டைகளில் வாசகங்கள் பெரிதும் குறைந்தன. வந்தது என்ன? நாயகன் மார்பை நிமிர்த்திக்கொண்டு, கேப் பறக்க, எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பான். அடுத்த மாதமும் நிற்பான். பத்து அட்டைகளைக் கலைத்து அடுக்கினால் எது எந்தக் கதை என்று அவனுக்கே தெரியாது. எழுத்து இல்லாத அட்டை வேறு, பேசும் அட்டை வேறு. நீங்கள் மூலப் பதிப்பகத்திடம் பல படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்போது, போஸ் கொடுக்கும் படத்தை ஒதுக்கிவிட்டு, ஏதோ ஒன்று நடக்கப்போகும் படத்தை எடுங்கள். எழுத்தை நீக்கினால் அட்டை வெறிச்சோடிப்போகிறது என்றால், தவறு எழுத்தை நீக்கியதில் இல்லை, படத்தைத் தேர்ந்ததில் இருக்கிறது. உள்ளூர் ஓவியரைக் கொண்டு வரைய வைப்பவர்களுக்கும் இதுவேதான். கதையைச் சொல்லி, படத்தை அவர் பொறுப்பில் விடுங்கள். ‘இங்கே வாசகம் வரும், இங்கே முத்திரை வரும்’ என்று பென்சிலால் கட்டம் போட்டுக் கொடுக்காதீர்கள்.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ரோமன் எழுத்தில் ஐந்து எழுத்துக்குள் முடிந்துவிடும் பெயர்கள் தமிழில் நீளும். நம் எழுத்துகள் பக்கவாட்டில் இடம் கேட்பவை. மேலே விசிறி, கீழே சுழி என்று வரிக்கு வரி இடைவெளியும் வேண்டும். இரண்டு வரித் தலைப்பு வந்தாலே ஓவியத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆகவே ‘மரண’, ‘ரத்த’, ‘மர்ம’ என்று ஆரம்பித்து நான்கு சொற்களில் முடியும் தலைப்புகளைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது. ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு. அப்புறம் அந்த எழுத்தைச் சுற்றிக் கோடு, ஒளிவட்டம், நிழல், உலோகப் பளபளப்பு எல்லாம் ஒன்றாகப் போட்டால் காதுகுத்து பிளெக்ஸ் போல ஆகிவிடுகிறது. படத்திலேயே இருக்கும் ஒரு நிறத்தை எடுத்துத் தட்டையாக அடித்தால், வடிவமைப்பாளருக்கு வேலையும் மிச்சம்.

சொல்ல வேண்டிய விவரங்களை எங்கே போடுவது? பின்னட்டை முழுசாகக் கிடக்கிறது. கதைச் சுருக்கம், விலை, பார்கோடு எல்லாம் அங்கே போகட்டும். கண்காட்சி ஸ்டாலில் புதிதாக வருபவர் நின்று பார்க்க ஏதாவது வேண்டும் என்ற உங்கள் கவலை நியாயமானது. அதற்கு ஜப்பானியர்களிடம் ஒரு வழி இருக்கிறது. மாங்கா எனப்படும் அவர்கள் காமிக்ஸ் புத்தகங்களின் கீழ்ப்பகுதியைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை போட்டிருப்பார்கள். ஓபி என்பார்கள். பரிசு வாங்கிய கதை, சினிமாவாகப் போகும் கதை, யார் பாராட்டினார்கள் என்று எல்லா ஆரவாரமும் அந்தப் பட்டையில். வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைத்துவிட்டால் அட்டை சுத்தமாக இருக்கும். ‘மெகா ஸ்பெஷல்’, ‘தெறி’, ‘தூள்’, ‘இது மறுபதிப்பு அல்ல’ எல்லாவற்றையும் அதில் அச்சடியுங்கள், எனக்கு ஆட்சேபணையே கிடையாது. சேகரிப்பவர்கள் அதையும் பத்திரப்படுத்துவார்கள்.

எடுத்துவிடச் சொல்லும் நான் ஒன்றைச் சேர்க்கவும் சொல்கிறேன். அட்டை ஓவியரின் பெயர். கதாசிரியர், உள்ளே வரைந்தவர், மொழிபெயர்த்தவர் எல்லோருடைய பெயரும் முதல் பக்கத்தில் இருக்கும்; அட்டை வரைந்தவர் பெயரைப் பல இதழ்களில் தேடினாலும் கிடைக்காது. சில சமயம் ஓவியத்தின் ஓரத்தில் அவரே போட்டுக்கொண்ட கையெழுத்தும் வெட்டுப்பட்டிருக்கும், அல்லது விலைக் கட்டத்துக்கு அடியில் போயிருக்கும். அந்தக் கையெழுத்து இருக்கும் மூலையை மட்டுமாவது தொடாமல் விடுங்கள்.

சக வாசகர்களுக்கும் ஒரு வரி. வெறும் படத்தோடு ஓர் அட்டை வந்தால் ‘அட்டை காலியா இருக்கே, டிசைனரைத் தூங்க வெச்சுட்டீங்களா’ என்று உடனே கேலியில் இறங்கிவிடுகிறோம். அந்தக் கேலிக்குப் பயந்துதான் அடுத்த அட்டையில் மூன்று முத்திரைகள் வருகின்றன. கொஞ்சம் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்போமே.

எல்லா இதழ்களிலும் உடனே மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. வருகிற ஆண்டுச் சந்தாவில் ஒரே ஓர் இதழ், அதுவும் உங்களிடம் இருக்கும் மிக நல்ல அட்டை ஓவியத்துக்கு, இப்படிச் செய்து பாருங்கள். பட்டைக்கு ஆகும் கூடுதல் செலவைச் சந்தாத் தொகையிலேயே சேர்த்துவிடுங்கள். கணக்குக் கேட்காமல் கட்டுவேன்.

அன்புடன்,
உங்கள் பழைய சந்தாதாரர்களில் ஒருவன்